சில்வர்டவுன் கணக்கு யார் தலையில்?

லண்டனின் சில்வர்டவுன் சுரங்கப்பாதை 2025 ஏப்ரல் 7 அன்று திறந்ததிலிருந்து ஒரே பாட்டு: தனியார் பணத்தில் கட்டியாயிற்று, அரசுக்குச் செலவில்லை, இனி எல்லாச் சுரங்கங்களையும் இப்படியே கட்டலாம்.

கட்டியது நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே துளைப்பான் தேம்ஸுக்கு அடியால் கிரீனிச் வரை போய், அங்கேயே திருப்பப்பட்டு மறு குழாயையும் தோண்டிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பழைய பிளாக்வால் சுரங்கத்தில் நுழைய முடியாத இரண்டு தட்டு பஸ் இதில் ஓடுகிறது. அரசே கட்டிய எலிசபெத் ரயில் பாதை 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது, 2022 மேயில்தான் திறந்தது என்பதும் உண்மை.

கோளாறு அந்த 'செலவில்லை'யில் இருக்கிறது. ரிவர்லிங்க்ஸ் என்ற தனியார் கூட்டமைப்பு கடன் வாங்கிக் கட்டியது. பாதை ஓடும் நிலையில் இருந்தால் போதும், லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல் அதற்கு 25 ஆண்டுகளுக்குத் தவணை கட்டும். எத்தனை கார் போகிறது என்பது கம்பனிக்குப் பொருட்டல்ல. கார் குறைந்தால் டிஎஃப்எல்லுக்கு வரும் சுங்க வருமானம் குறையும், தவணை குறையாது. தோண்டும்போது வரும் நட்டத்தைக் கம்பனிதானே தாங்கியது என்பார்கள். சரி, தோண்டி முடிந்துவிட்டது. இனி வண்டி வராவிட்டால் நட்டம் நமக்கு. அதுவும் அரசுக்குக் கிடைப்பதைவிடக் கூடிய வட்டிக்கு வாங்கிய கடனுக்காக.

நெரிசலைக் குறைக்கவும் அதே சுங்கம், கடனை அடைக்கவும் அதே சுங்கம். முதலாவது பலித்தால் இரண்டாவது இடிக்கும்.

1897இல் திறந்து அன்றிலிருந்து இலவசமாக இருந்த பிளாக்வாலுக்கும் சில்வர்டவுன் திறந்த அதே நாளில் சுங்கம் வைத்தார்கள். புதியதில் மட்டும் வைத்தால் எல்லாரும் பழையதில் போய்விடுவார்களாம். புதிய பாதைக்கு இந்த விலையை யாரும் விரும்பிக் கொடுக்க மாட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல வாக்குமூலம் வேண்டுமா?

லூயிஷமில் குடியிருந்து ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் கடை வைத்திருப்பவரைப் பாருங்கள். காலை பத்துக்கு முன் வடக்கே வர 4 பவுண், மாலை நாலுக்கும் ஏழுக்கும் இடையில் திரும்ப 4 பவுண். வார நாட்கள் ஐந்துக்கும் 40 பவுண். மிகக் குறைந்த வருமானக்காரருக்குப் பாதி விலைச் சலுகை உண்டு. சொந்தச் சிறிய வானில் மரக்கறிப் பெட்டி ஏற்றிவருபவர் பெரும்பாலும் அதில் அடங்கமாட்டார். கேனரி வார்ஃப் வங்கி அதிகாரியின் காருக்கும் அதே 4 பவுண்தான். வரிப்பணத்தில் கட்டியிருந்தால் இருவரும் வருமானத்துக்கு ஏற்பவாவது கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது லோயர் தேம்ஸ் கிராசிங் என்ற சுரங்கச் சாலை. 2025 மார்ச்சில் அனுமதி பெற்ற அதற்கும் அரசு தனியார் பணத்தைத்தான் தேடுகிறது. கையெழுத்தாகும் முன் உங்கள் எம்பியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வண்டி குறைந்தால் நட்டம் யாருக்கு? சுங்கம் எந்த ஆண்டில் நிற்கும்?