முகப்பூச்சும் தோல் நலமும்

ஒப்பனை தோலுக்கு நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்வதே வழக்கமாக இருக்கிறது. விளம்பரங்கள் முகம் பொலிவு பெறும் என்கின்றன. வீட்டுப் பெரியவர்கள் கண்டதையும் பூசினால் முகம் கெட்டுப்போகும் என்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. பூசும் பொருளில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு நேரம் முகத்தில் தங்குகிறது, எப்படி அகற்றப்படுகிறது, அதைப் பூசிக்கொள்பவரின் தோல் எப்படிப்பட்டது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயமான முடிவுக்கு வர முடியும். அப்படிப் பார்க்கும்போது, அன்றாட ஒப்பனைப் பொருள்களால் வரும் தொல்லைகள் பெரும்பாலும் சிறியவை, தவிர்க்கக்கூடியவை. ஒப்பனை என்ற பெயரில் விற்கப்படும் மருந்துகளும் நச்சுகளுமே பெருங்கேட்டை விளைவிக்கின்றன.

தோலின் காப்பு

தோலின் வெளிப்படலம் இறந்த செல்களால் ஆனது. முகத்தில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். செல்களுக்கு இடையே நிறைந்திருக்கும் கொழுப்பு, உடலின் ஈரம் வெளியேறாமலும் கிருமிகளும் வேதிப்பொருள்களும் எளிதில் உள்ளே நுழையாமலும் காக்கிறது. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது. வயது கூடக் கூட இந்தக் காலமும் நீள்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்தில் நெருக்கமாக உள்ளன. கண்ணிமையின் தோலோ உடலிலேயே மிக மெல்லியது. ஆக, ஒப்பனை அதிகம் ஏறும் இடங்கள் எளிதில் பாதிப்படையும் இடங்களாகவும் அமைந்துவிடுகின்றன.

நன்மைகள்

ஒப்பனையின் முதல் நன்மை ஒளியிலிருந்து கிடைக்கும் காப்பு. ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருபவை மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். புற ஊதாக் கதிரோடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் நிறமியைத் தூண்டி மங்கைக் கூட்டுகிறது. நிறமற்ற சன்ஸ்கிரீன்கள் இந்த ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சு தடுக்கிறது. மங்கு உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிரீனைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

இந்த நன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. ஃபவுண்டேஷன் புட்டியில் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்துப் பெறப்படுவது. அவ்வளவு தடிமனாக யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை. எனவே உண்மையில் கிடைக்கும் காப்பு அச்சிட்ட எண்ணைவிடப் பல மடங்கு குறைவு. வெயிலுக்கு அதை மட்டும் நம்புவது போதாது. அதன் அடியில் தனியாக ஒரு சன்ஸ்கிரீன் வேண்டும்.

இரண்டாவது நன்மை, மறைப்பு ஒப்பனை தரும் மன நிம்மதி. வெண்புள்ளி, தீக்காயத் தழும்பு, பிறவியிலேயே வந்த செம்மச்சம் ஆகியவற்றோடு வாழ்பவர்களுக்கு, தோலின் நிறத்தோடு ஒத்துப்போகும் அடர்த்தியான பூச்சுகள் பெரும் உதவியாக இருக்கின்றன. முகத்தில் பிறவி மச்சம் கொண்டிருந்த அமெரிக்கப் பெண் லிடியா ஓலியரி, அதை மறைக்கத் தாமே உருவாக்கிய கவர்மார்க் என்ற பூச்சுக்கு 1930-களில் காப்புரிமை பெற்றார். தோல் நோய் ஒருவரின் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, பிரிட்டனின் கார்டிஃப் நகரத் தோல் மருத்துவர்கள் 1994-இல் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவீட்டை வெளியிட்டனர். வெண்புள்ளி உள்ளவர்கள் மறைப்பு ஒப்பனையைப் பயன்படுத்திய பிறகு அந்த அளவீட்டில் முன்னேற்றம் காட்டியதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. நோய் குணமாவதில்லை, ஆனால் வெளியே சென்று நாலு பேரோடு பழகும் தைரியம் வருகிறது. இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

துளை அடைப்பும் பருவும்

குறைகளில் மிகப் பரவலானது பரு. 1972-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் ஓட்டோ மில்ஸும் ஒப்பனையால் வரும் பருவைத் தனி வகையாக விவரித்தனர். கன்னத்திலும் தாடையிலும் சிறு சிறு தோல்நிறப் பொரிகள் எழும், வலி இருக்காது. கொழுப்பு மிகுந்த பூச்சு மயிர்க்கால் துளையின் வாயில் தங்கி, உதிர வேண்டிய செல்களை அங்கேயே ஒட்டவைக்கிறது. அடியில் எண்ணெய் தேங்குகிறது. இது வெளியே தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். அதனால் எந்தப் பொருளால் வந்தது என்று கண்டுபிடிப்பதே கடினம். பொரி தெரிந்ததும் அதை மறைக்க இன்னும் அதிகமாகப் பூசுவது, அதனால் மேலும் பொரி எழுவது என்ற சுழலில் பலர் சிக்குகிறார்கள்.

துளையை அடைக்காது என்று புட்டியில் எழுதியிருப்பதும் முழு உத்தரவாதம் அல்ல. தொடக்ககாலச் சோதனைகள் முயலின் காதுத் தோலில் நடந்தன. அது மனித முகத்தைவிட மிக எளிதில் அடைத்துக்கொள்ளும் என்பது பின்னர் தெரியவந்தது. இன்றும் அந்த வாசகத்துக்கு அமெரிக்காவில் சட்டப்படியான வரையறை கிடையாது. தயாரிப்பாளர் தம் சொந்த அளவுகோலை வைத்தே அதை அச்சிடலாம்.

ஒவ்வாமையும் நிறமாற்றமும்

ஒவ்வாமையை உண்டாக்குவது பெரும்பாலும் பூச்சின் நிறம் அல்ல. வாசனைப் பொருளும் கெடாமல் காக்கும் பொருளும்தான். இந்த விஷயத்தில் மக்களின் அச்சம் தவறான திசையில் போனதற்கு நல்ல சான்று பாரபென். நெடுங்காலம் பயன்பட்ட இந்தக் காப்புப் பொருளின் மீது ஐயம் பரவியதும், பல நிறுவனங்கள் பாரபென் இல்லாதது என்று விளம்பரம் செய்து, வேறு பொருள்களுக்கு மாறின. அவற்றுள் ஒன்றான மெத்தில்ஐசோதையசோலினோன் ஒவ்வாமையைப் பெருமளவில் கிளப்பியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் முகத்தில் விடப்படும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை விதித்தது. அதே சங்கம் 2019-இல் பாரபென்களை ஒவ்வாமை தராத பொருள் என்று சிறப்பித்தது.

ஒவ்வாமை, பூசிய இடத்தில்தான் வரும் என்பதும் இல்லை. நகப்பூச்சில் உள்ள பிசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு விரலில் எதுவும் தெரியாமல், கண்ணிமை சிவந்து வீங்குவது உண்டு. நாள் முழுவதும் விரல் கண்ணைத் தொடுகிறது; விரல் நுனித் தோலைவிட இமைத் தோல் மெல்லியது. கண்மையைக் குற்றம் சொல்லி மாதக்கணக்கில் மை மாற்றிக்கொண்டிருப்பவரின் சிக்கல் நகத்தில் இருக்கலாம்.

தமிழகத்தில் தோல் மருத்துவர்கள் அடிக்கடி காணும் இன்னொன்று ஸ்டிக்கர் பொட்டு. அதன் பசையில் சேரும் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல் ஃபீனால் தோலின் நிறமி செல்களுக்கு நஞ்சு. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டியவர்களில் சிலருக்குப் புருவங்களுக்கு நடுவே, பொட்டின் வட்டம் மாறாமல் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றுகிறது. தொடக்கத்திலேயே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டை ஒட்டினால் திட்டு விரியும்.

இதே வகைக் கேடு பெரும் நிறுவனத்தின் தயாரிப்பிலும் நேர்ந்திருக்கிறது. ஜப்பானின் கனேபோ நிறுவனம், தோலை வெளுக்கச் செய்யும் ரோடோடெனால் என்ற பொருளைச் சேர்த்து விற்ற பூச்சுகளை 2013 ஜூலையில் திரும்பப் பெற்றது. 19,000-க்கும் மேற்பட்டோரின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் வந்திருந்தன. அந்தப் பொருளுக்கு ஜப்பான் அரசின் அனுமதி 2008-லேயே கிடைத்திருந்தது. அனுமதி பெற்ற பொருள் என்பதாலேயே நீண்டகாலப் பாதுகாப்பு உறுதியாகிவிடாது என்பதற்கு இது தெளிவான பாடம்.

கிருமிகள்

பூச்சு புதிதாக இருக்கும்போது சுத்தமானது. பயன்படுத்தப் பயன்படுத்த அது கிருமிகளின் இருப்பிடமாகிறது. பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயன்பாட்டில் இருந்த 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். வகைக்கு வகை 79 முதல் 90 சதவீதப் பொருள்களில் பாக்டீரியா இருந்தது. மிக மோசமானது ஃபவுண்டேஷன் பரப்பும் ஸ்பாஞ்சு: 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படவில்லை, 64 சதவீதம் தரையில் விழுந்த பிறகும் பயன்பட்டவை. ஈரமான ஸ்பாஞ்சைப் பையில் மூடி வைப்பது கிருமி வளர்வதற்கு ஏற்ற சூழல். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதும், கண்மையைப் பிறரோடு பகிரக்கூடாது என்பதும் இதன் பொருட்டே.

நச்சும் மருந்தும்

இதுவரை சொன்னவை தொல்லைகள். இனி வருபவை ஆபத்துகள். ஐரோப்பிய மேட்டுக்குடியினர் முகத்துக்குப் பூசிய ஈய வெள்ளை, கூத்துக் கலைஞர்கள் பூசிய ஆர்சனிக் கனிமமான அரிதாரம், ஈய சல்ஃபைடு கலந்த சுர்மா என்று நச்சு ஒப்பனைக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பவை சிவப்பழகு க்ரீம்கள். அவற்றில் சிலவற்றில் கலந்திருக்கும் பாதரசம், நிறமி உருவாவதைத் தடுத்து முகத்தை விரைவில் வெளுப்பாக்குகிறது. தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக வடிகட்டிகள் பழுதாகிப் புரதம் ஒழுகும் நோயுடன் வந்த 22 பேரில் 15 பேருக்கு நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியதாகச் சொன்னார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் தெரிந்தது.

மற்றொன்று ஸ்டீராய்டு. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் க்ரீமில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும்போது முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரியும். பருவும் முடியும் முளைக்கும். வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் சிவந்து அரிக்கும் என்பதால் மீண்டும் பூசத் தோன்றும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டால் சீர்கெட்ட முகம் என்றே தனி நோயாக வகைப்படுத்தியுள்ளனர். 2018-இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. விதி தாளில் இருக்கிறது. கடைகளில் அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதுதான் கவலை.

சட்டமும் லேபிளும்

ஒப்பனைச் சட்டங்கள் பல, கேடு நடந்த பிறகு வந்தவை. 1933-இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தில் இருந்த பாராஃபினைலின்டையமின் பெண்களின் பார்வையைப் பறித்தது. ஓர் உயிரையும் பலிகொண்டது. ஒப்பனைப் பொருள்களை முதன்முதலாக அங்கே கூட்டரசுச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். இந்தியாவின் 2020 ஒப்பனைப் பொருள் விதிகள், கண்ணுக்கான பொருள்களில் பாதரசத்தை 70 பி.பி.எம். அளவுக்கும், மற்றவற்றில் தற்செயலாகக் கலந்தது 1 பி.பி.எம். அளவுக்கும் மிகாமல் கட்டுப்படுத்துகின்றன. தயாரிப்பாளர் பெயரும் பொருள் பட்டியலும் இல்லாத டப்பாக்கள் இந்த விதிகளுக்கு வெளியே, சந்தைகளிலும் இணையத்திலும் விற்பனையாகின்றன.

மதிப்பீடு

நலமான தோலில், அறிந்த பொருளை, அளவாகப் பூசி, இரவில் மென்மையாக நீக்கிவிடுபவருக்கு ஒப்பனையால் பெரிய தீங்கு இல்லை. நீக்குவதிலும் நிதானம் வேண்டும்; காரச் சோப்பால் தேய்ப்பது பூச்சோடு தோலின் சொந்தக் கொழுப்பையும் கழுவிவிடும். புதுப் பொருளை முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பார்ப்பதும், பரு அல்லது படை நீடித்தால் மேலும் பூசாமல் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்வதும் பெரும்பாலான சிக்கல்களைத் தொடக்கத்திலேயே நிறுத்தும்.

பொறுப்பை முழுக்கப் பூசிக்கொள்பவர் தலையில் சுமத்துவது சரியல்ல. டப்பாவில் எழுதாத பாதரசத்தை எவரும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்பதைத் தடுப்பதும், பொட்டுப் பசை வரை ஒவ்வொன்றின் உட்பொருளையும் எழுத வைப்பதும் அரசின் கடமை. கறுப்பு நிறத்தைக் குறையாகக் காட்டி விற்கும் விளம்பரம் இருக்கும் வரை, வெளுக்கச் செய்யும் பூச்சுக்கு வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தோலின் நலத்துக்கு மிகப் பெரிய தீங்கு அந்த விளம்பரத்தில்தான் தொடங்குகிறது.