கூடு தெரிவு: நம் மரபுகளும் ஒரு வருத்தமும்

தோட்டாவின் மருந்து, புல்லட், பிரைமர் மூன்றையும் பற்றி நம் கழக மலரில் எழுத ஆட்கள் கிடைத்துவிட்டதால், பித்தளைக் கூடு என் பங்குக்கு வந்தது. மலர்க்குழுவினருக்கு என் நன்றி. நான்கில் ஒருமுறைக்கு மேல் பயன்படுவது கூடு ஒன்றுதான். மற்றவை ஒரே வெடிப்போடு தீர்ந்துபோகும். கூடோ அந்த வெடிப்பின் சூடும் அழுத்தமும் தன் உடம்பில் பதிய, அடுத்த சுற்றுக்குத் திரும்பி வருகிறது. அதனால்தான் கூட்டைத் தெரிவதில் நம் மூத்தவர்கள் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம், வட்டத்தகடு கிண்ணமாவது, கிண்ணம் கூடாக நீளுவது ஆகிய பாடங்களை உறுப்பினர்கள் அறிவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மரபுகளைச் சொல்வதென்றால் ஷூட்ஸன்காரர்களிடம் தொடங்குவதே முறை. ஹாரி போப் காலத்தவர்களில் பலர் ஒரே ஒரு கூட்டை வைத்துக்கொண்டு, சுடும் மேடையிலேயே மருந்திட்டு, ஈயக்குண்டைக் குழலின் வாய்ப்பக்கமிருந்து இறக்கி, போட்டி முழுவதையும் சுட்டு முடித்தார்கள். ஒரே கூடு என்றால் எதோடு எது வேறுபடும்? இன்று நாம் எடை பார்த்துப் பிரிப்பதும், கழுத்துச் சுவரின் தடிப்பை அளப்பதும், தண்ணீர் நிரப்பிக் கொள்ளளவு பார்ப்பதும் அந்த ஒற்றைக் கூட்டை நெருங்கிப் போகும் முயற்சிதான் என்பது என் துணிவு.

அடுத்தது பெஞ்ச்ரெஸ்ட் மரபு. ரெமிங்டனின் மைக் வாக்கர் 1950இல் தந்த .222 அந்த மேடையை நெடுங்காலம் ஆண்டது. 1975இல் மருத்துவர் லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டலும் .220 ரஷ்யன் கூட்டிலிருந்து 6 பிபிசியை உருவாக்கிய பிறகு அந்த ஆட்சி முடிந்தது. குட்டையான உடல், சிறிய பிரைமர் பாக்கெட், லாபுவா கூட்டில் 1.5 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஃபிளாஷ் துளை. சேம்பரின் கழுத்தை இறுக்கமாக வெட்டிவிட்டு, அதற்கேற்பக் கூட்டின் கழுத்தைக் கடைந்து சீராக்கும் வழக்கத்தை வளர்த்ததும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள்தான். கடைந்த கூடுகள் சிலவற்றைக்கொண்டே போட்டி முழுவதையும் முடிப்பவர்களை அங்கே பார்க்கலாம். ஷூட்ஸன்காரர்களின் நேரடி வாரிசுகள் இவர்களே.

அக்லி மரபைச் சுருக்கமாகச் சொல்லலாம். 40 டிகிரித் தோளும் சரிவு குறைந்த உடலும் கூடு நீளுவதைக் குறைக்கின்றன. அந்த மரபுக்காரர் ஒருவர் இதே மலரில் எழுதுவதாகக் கேள்வி.

ஐரோப்பியப் பித்தளையை மட்டும் நம்பும் மரபு இன்று மிகப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஸ்வீடனின் நார்மா 1902இல் தொடங்கியது. ஃபின்லாந்தின் லாபுவா ஆலை 1923இல். லாபுவா ஆலையில் 1976 ஏப்ரலில் நடந்த வெடிவிபத்தில் 40 பேர் மாண்டார்கள். அந்த ஊர்ப் பித்தளையை விலைகொடுத்து வாங்கும் நாம் அதை மறக்கக்கூடாது. லாபுவா கூட்டின் கழுத்திலும் தோளிலும் அனீல் செய்த நிறம் தெரியும். அந்த நிறத்தைக் கண்டே தரம் என்று முடிவுகட்டும் புதியவர்கள் இருக்கிறார்கள். வேறு பல ஆலைகளும் அனீல் செய்கின்றன. பிறகு மெருகேற்றும்போது அந்த நிறம் போய்விடுகிறது. நிறமில்லாததால் பதம் இல்லை என்று கொள்வது பிழை.

இனி என் ஆசானின் பள்ளி. கேம்ப் பெர்ரி மேடைகளில் சர்வீஸ் ரைஃபிளோடு வளர்ந்தவர் அவர். அவர் கையாண்டது பெரும்பாலும் லேக் சிட்டி பித்தளை: அடியில் எல்.சி. என்ற எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் பொறித்தது. ராணுவக் கூட்டில் பிரைமரைச் சுற்றி கிரிம்ப் இருக்கும், அதை நீக்க வேண்டும். 7.62இல் சுவர் தடிப்பாக இருப்பதால் உள்ளிடம் குறைவு. கடைக் கூட்டுக்கு இடும் மருந்தை அதில் அப்படியே இட்டால் அழுத்தம் ஏறும். மெஷின் கன்னில் சுட்ட கூடு என்று தெரிந்தால் ஆசான் கையால்கூடத் தொடமாட்டார். அந்தத் தளர்ந்த சேம்பர்களில் கூடு அடிப்பகுதிக்கு மேலே ஏற்கெனவே நீண்டு மெலிந்திருக்கும்.

அவர் கூட்டைத் தெரிந்தெடுக்கும் ஒழுங்கு எனக்கு மனப்பாடம். முதலில் ஃபிளாஷ் துளை நடுவில் இருக்கிறதா, உள்பக்கம் பிசிறு உண்டா என்று பார்ப்பார். பிறகு நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிச்சுவரை மெல்ல வருடுவார். அங்கே ஒரு பள்ளம் கம்பியில் தட்டினால், வெளியே பளபளக்கும் வளையம் தோன்றும்வரை காத்திருக்காமல் அதை ஒதுக்கிவிடுவார். பால் மைக்ரோமீட்டரால் கழுத்தை நான்கு இடங்களில் அளப்பார். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் வேறுபட்டால் அது பயிற்சிக்கு மட்டும். கழுத்தில் ஒருபக்கம் தடித்த கூடு, பெரும்பாலும் உடலிலும் ஒருபக்கம் தடித்தே இருக்கும், சுட்டபின் வாழைக்காய் போல வளையும் என்பார். எடையில் தசமப் புள்ளிவரை பிரிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மிகக் கனமானதும் மிக இலேசானதும் போனால் போதும். கழித்ததைக் குறடால் நசுக்கிவிட்டே குப்பையில் போடுவார், வேறொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று.

கூட்டை மினுக்க அம்மோனியா கலந்த பாலிஷை அவர் பட்டறைக்குள் விட்டதில்லை. இதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு காரணம் காட்டுவார். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் அங்கே மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. பருவத்தை வைத்தே அந்த நோய்க்குப் பெயரிட்டார்கள். குதிரை லாயங்களின் அம்மோனியாவும் இழுவையின்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்பது 1921இல்தான் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடம் ஒவ்வொரு லாட்டுக்கும் தனிப் பெட்டியும் அதற்குள் ஓர் அட்டையும் இருந்தன. எத்தனை முறை சுட்டது, எப்போது அனீல் செய்தது, எப்போது நீளம் வெட்டியது, எந்த ரைஃபிளில் விரிந்தது எல்லாம் அதில் இருக்கும். கூட்டின் தரம் ஆலையில் பாதி, அட்டையில் பாதி என்ற நம்பிக்கையிலேயே எங்கள் பள்ளி நிற்கிறது.

இங்கேதான் என் வருத்தம். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. திறமையில் என்னை மிஞ்சிய இளையவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் அட்டை எங்கே போயிற்று? விலையுயர்ந்த பெட்டியை வாங்கி, திறந்து, அளக்காமலே மருந்திட்டுவிட்டு, பெட்டியின் பெயரையே தரச் சான்றாகக் காட்டுகிறார்கள். 2020க்குப் பிறகு சரக்குத் தட்டுப்பாடு வந்தது உண்மை. அப்போது கிடைத்ததைப் பொறுக்கியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அந்த ஆபத்துக்கால வழக்கம் இன்று நிலைத்த வழக்கமாகிவிட்டதையே குறை சொல்கிறேன். இரண்டு முறை சுட்டதும் பத்து முறை சுட்டதும் ஒரே பையில் கிடக்கின்றன. ஒரே தோள் அளவு என்று சைஸ் செய்கிறார்கள். கடினமானது திமிறி எழுகிறது, மென்மையானது அமிழ்கிறது. பிறகு டையைக் குறை சொல்கிறார்கள், மருந்தைக் குறை சொல்கிறார்கள், காற்றையும் குறை சொல்கிறார்கள். கழகத்தின் பண்டமாற்று மேசையில் எழுத்தில்லாத பைகள் விற்பனைக்கு வருகின்றன. எத்தனை முறை சுட்டது என்று கேட்டால் சிரிப்பே பதில். மேசையை அமைத்த முன்னோடிகள் காலத்தில், அட்டையில்லாத கூட்டை ஒருவர் அங்கே கொண்டுவந்து வைத்திருப்பாரா? பெயர் தெரியாத பித்தளையைச் சக உறுப்பினர் முகத்தருகே வெடிக்கக் கொடுப்பதும் ஒருவர்க்கொருவர் செய்யும் மரியாதையா? அட்டை போனபின் குறிப்பேடு போயிற்று. குறிப்பேடு போனபின் ஒருவர் அனுபவம் இன்னொருவருக்குப் போய்ச்சேரும் வழி அடைபட்டது. கூட்டங்களில் கேள்விகள் குறைந்து போனதற்கும், போட்டி முடிந்தபின் மேடையில் யாரும் தங்காததற்கும்கூட இதுவே வேர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒவ்வொரு பருவம் தொடங்குமுன்பும் கழகக் கூடத்தில் கூடு பார்க்கும் நாள் ஒன்று முன்பு நடந்துவந்தது. மூத்தவர்கள் கம்பியும் மைக்ரோமீட்டருமாக உட்கார்ந்திருப்பார்கள். உறுப்பினர்கள் வரிசையில் வருவார்கள். நிர்வாகக் குழு அதை மீண்டும் தொடங்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். ஆசானின் பால் மைக்ரோமீட்டரும், வளைகம்பியும், அச்சிட்ட வெற்று அட்டைக் கட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. நாள் குறித்தால் அவற்றோடு வருகிறேன்.