கோப்பைத் திறக்காத ஆசிரியர்

திருடன் பிறக்கிறானா, ஆக்கப்படுகிறானா? கேள்வி பழையது. விடையும் பழையதாகிவிட்டது என்றே நாம் எண்ணியிருந்தோம். ஆனால் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளிவந்த சிறுவனைப் பள்ளியிலே சேர்க்கலாமா என்ற பேச்சு எழட்டும், படித்தவர் நாவிலேயே "பிறவிக் குணம்" என்ற சொல் துள்ளி வருகிறது! பிறப்பைக் கொண்டே குற்றவாளியெனக் குறிக்க வெள்ளையர் ஆட்சி 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது. 1952இல் அச்சட்டம் நாடெங்கும் மறைந்தது. அதை ஈன்ற எண்ணம் மறைந்ததா?

இந்த எண்ணத்தோடு மல்லுக்கு நின்ற நூல் ஒன்று உண்டு. உக்ரைனிய நாட்டு ஆசிரியர் அன்டன் மக்கரென்கோ எழுதி, 1933 முதல் 1935 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. கல்வியியல் காவியம் எனப் பொருள்படும் பெயர் அதற்கு. ஆங்கிலத்திலோ 'வாழ்வுக்குச் செல்லும் பாதை' ஆயிற்று. 1920இல், உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டிய வேளையில், போல்தாவா நகரருகே குற்றம் புரிந்த சிறுவர்க்கான குடியிருப்பு ஒன்று மக்கரென்கோவிடம் ஒப்படைக்கப்பட்டது. பாழடைந்த கட்டடங்கள், விரல் விட்டு எண்ணத்தக்க ஆசிரியர், டிசம்பரில் வந்து சேர்ந்த ஆறு இளைஞர். இவ்வளவே தொடக்கம்.

நூலிலே நம்மை ஈர்த்த இடம் எது? வீரச் செயலன்று. சிறுவரோடு அனுப்பப்படும் கோப்புகளைப் படிப்பதையே அந்த ஆசிரியர் கைவிடுகிறாரே, அந்த இடம். இவன் என்ன திருடினான், எவனைத் தாக்கினான் என்பது வேண்டாம். இன்று என்ன செய்கிறான், நாளை என்ன ஆவான் என்பதே போதும் என்று துணிகிறார். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இதற்கு அருகே வந்திருக்கிறது. சிறுவனின் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரலாகாது, பதிவேடுகளை உரிய காலத்தில் அழித்துவிட வேண்டும் என்பது அதன் பொதுவிதி. ஏட்டை அழிக்கலாம், ஐயா! பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழைப் புரட்டியபடி "இடையிலே ஓராண்டு எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியை எந்தச் சட்டம் அழிக்கும்? கேட்பவர் நம் தொழிலைச் சார்ந்தவர் என்பதால் வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

மற்றோர் இடம். மாலை வேளைகளில் மார்க்சிம் கார்க்கியின் இளமை வரலாறு அவர்களுக்குப் படித்துக் காட்டப்படுகிறது. அடி வாங்கி, அலைந்து திரிந்து வளர்ந்தவர் இவ்வளவு பெரிய எழுத்தாளரா என அந்தப் பிள்ளைகள் வியக்கின்றனர். குடியிருப்பே கார்க்கியின் பெயரைத் தாங்கிற்று; கடிதங்கள் பறந்தன; 1928இல் கார்க்கியே நேரில் வந்து அவர்களோடு தங்கினார். இலக்கியம் எதற்கு என்று கேட்போர்க்கு இதைக் காட்டலாம். நீதிநூல் மனப்பாடம் செய்ய வைத்திருந்தால் அந்த வியப்பு பிறந்திருக்குமா? தன்னைப் போன்ற ஒருவனை ஏட்டிலே கண்டவனுக்கே ஏட்டின்மேல் ஆசை வருகிறது.

இனி, நமக்கு உடன்பாடில்லாதவை. விறகு வெட்ட மறுத்துத் துடுக்காகப் பேசிய ஸதோரவ் என்பவனை மக்கரென்கோ அறைந்துவிடுகிறார். இளைஞர் பணிகின்றனர், காட்டுக்குச் செல்கின்றனர். தன் நிலை தவறிய நிகழ்ச்சியாகவே அதை அவர் எழுதுகிறார். ஆனால் அறைந்ததும் பணிந்தார்கள் என்பதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அடியாத மாடு படியாது என்று தலையாட்டுவோர் உண்டல்லவா? அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அடித்ததால் மாண்டான் என்று ஊழியர் கைதாயினர். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது, 2023இல் அறிக்கையும் வந்தது. இல்லங்களில் உடல் தண்டனை குற்றம் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் முன்னமே சொல்லியிருந்தது! நூலாசிரியர் அந்த அறையை மறைக்காமல் எழுதியது நேர்மை. அதை மையமாக நிறுத்தியது, நம் கருத்தில், பிழை. முரசும் அணிவகுப்பும் படைத்தலைவர் பட்டங்களும் அளவு மீறிப் போகின்றன என்பதும் நம் எண்ணம்.

அதைவிடப் பெரிய குறை, வகுப்பறை. வயல் உண்டு, பன்றிப் பண்ணை உண்டு, நாடக மேடை உண்டு, பக்கம் பக்கமாக உண்டு. கணக்குப் பாடம் நடந்த விதம் எங்கே? கராபனவ் முதலானோர் தொழிலாளர் கல்லூரிக்குப் புறப்படும் காட்சி கண்ணீர் வரவழைக்கிறது. கராபனவுக்கு முன்மாதிரியான கலபாலின் பின்னாளில் தாமே ஆசிரியராகி, ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களை நடத்தினார் என்பதும் உண்மை. ஆனால் எழுத்தே தடுமாறியவன் கல்லூரி வாயில்வரை எப்படி வந்தான்? அந்தப் படிகளை அறியத்தான் நம்மைப் போன்றோர் நூலைத் திறந்தோம்.

நம் இல்லங்களில் தடுக்குவதும் அதே படிகளில்தான். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரைதான் துணை நிற்கிறது. இளைஞர் நீதிச் சட்டமோ பதினெட்டு நிரம்பாத எல்லோரையும் இல்லத்துக்குள் அனுப்ப வல்லது. பதினாறு வயது, ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, விசாரணை நான்கு திங்களில் முடிய வேண்டும், அதற்குள் ஜாமீனிலே போனாலும் போவான். அவன் பக்கத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் காத்திருப்பவன். இருவர்க்கும் ஒரே பாயில், ஒரே பாடமா? தையலும் தச்சும் கற்பித்தோம் என்று கணக்குக் காட்டுவது எளிது. அவனவன் நின்ற இடத்திலிருந்து தொடங்கி, வெளியே போகும் நாளில் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் சேர்வான் என்பதை முன்கூட்டி எழுதிவைத்து, அந்தப் பள்ளி ஆசிரியரை உள்ளே வரவழைத்துப் பேசச் செய்வதுதான் வேலை. மக்கரென்கோ எழுதாமல் விட்ட அத்தியாயம் அது.