குடுவையில் கொழுத்த நெல்

இராமேசுவரம் செல்லும் சாலையில் மண்டபத்தை நெருங்கும்போது, பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவைகள் ஆடிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றில் கயிறு கட்டி வளர்க்கப்படுவது கப்பாபைக்கஸ் என்னும் செம்பாசி. நம் கடலுக்கு அது அயலினம். குளிர்பான நிறுவனம் ஒன்று தொடக்கத்தில் இத்தொழிலில் இறங்கியதால், கரையோர மக்கள் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர் வைத்துவிட்டனர். பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்தால் சாறு கிடைக்கும். சக்கையிலிருந்து காரஜீனன் என்னும் கூழ்ப்பொருளை எடுக்கலாம். மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை இது. அந்தச் சாறுதான் இன்று பயிர் வளர்ச்சி ஊக்கி என்ற பெயரில் புட்டிகளில் விற்பனையாகிறது.

வயலுக்குப் போன சாறு இப்போது ஆய்வுக்கூடத்துக் குடுவைக்குள்ளும் வந்திருக்கிறது. மாணவர் ஒருவரின் நெல் திசு வளர்ப்பு ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அண்மையில் கிட்டியது. ஒரு குடுவையில் வழக்கமான வளர்ப்பூடகம். மற்றொன்றில் அதோடு கடற்பாசிச் சாறு. சாறு சேர்த்த குடுவையில் திசுத்திரள் அதிக எடை பெற்றது. 'எனவே கடற்பாசிச் சாறு நெல்லின் வளர்ச்சியைத் தூண்டுகிறது' என்று கட்டுரை முடிந்திருந்தது. உழைப்பில் குறை சொல்ல முடியாது. அந்த 'எனவே' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் நெல் திசு எப்படி வளர்க்கப்படுகிறது என்று பார்ப்போம். உமி நீக்கிய நெல்மணியைக் கிருமி நீக்கி, தாது உப்புகள், சர்க்கரை, வைட்டமின்கள் கலந்த ஊடகத்தின்மேல் வைக்கிறார்கள். 1975-இல் சீன அறிவியலார் நெல்லுக்கென்றே அமைத்த என்-6 என்ற ஊடகம் இதற்கு மிகவும் பயன்படுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் 2,4-டி சேர்ப்பது வழக்கம். வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் அதே மருந்துதான்; இங்கே சிற்றளவில் ஆக்சினாக வேலை செய்கிறது. மணியின் கருப்பகுதியிலிருந்து உருவமற்ற திசுத்திரள் ஒன்று புடைத்தெழும். இதையே கேலஸ் என்கிறோம். பிறகு 2,4-டியை நீக்கி, சைட்டோகைனின் வகை ஊக்கியைக் கூட்டினால் தளிர் வரும், வராமலும் போகும்.

இனி கட்டுரைக்கு வருவோம். ஊடகத்தைக் கெட்டியாக்கச் சேர்த்திருப்பது அகார். இதே இராமநாதபுரக் கடற்கரையில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி போன்றவற்றிலிருந்து கிடைப்பது! ஆக, பாசி சேர்க்காத குடுவை என்று நாம் நினைத்ததிலும் பாசிப் பொருள் இருக்கிறது. அகாரின் தரத்துக்கேற்ப அதில் உப்புகளும் பிற கலப்புகளும் வேறுபடும். இது சிறு குறைதான்.

பெரிய குறை வேறு. கப்பாபைக்கஸ் சாற்றில் பொட்டாசியம் மிகுதி. ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்பரெல்லின் ஆகியவையும் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். எடை கூடியது எதனால்? உப்பாலா, ஊக்கியாலா? இரண்டு குடுவைகளை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல இயலாது. மூன்றாவது குடுவை ஒன்று வேண்டும். அதே அளவு சாற்றை வற்றவைத்து, எரித்துச் சாம்பலாக்கி, அச்சாம்பலைக் கரைத்து, அமிலத்தன்மையைச் சரிசெய்து சேர்க்க வேண்டும். எரித்தால் ஊக்கிகள் அழியும். தாது உப்புகளில் பெரும்பகுதி தங்கும். சாம்பலும் சாற்றைப் போலவே எடையைக் கூட்டினால் புகழ் உப்புக்கு உரியது. என்-6 ஊடகத்தில் லிட்டருக்கு 2830 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட் முன்னரே உள்ளது என்பதையும் மறக்கலாகாது. பொட்டாசியம் குறைந்த மண்ணில் சாறு செய்யும் வேலையும், இந்தக் குடுவையில் அது செய்யும் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இளநீரின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. 1941-இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருக்களை வளர்க்கத் தேங்காய்த் தண்ணீர் உதவுவதைக் கண்டனர். அதிலுள்ள சைட்டோகைனினை லீத்தம் என்பவர் இனம் கண்டு வெளியிட்டது 1974-இல். அதற்குள் எத்தனை கூடங்களில், எத்தனை காய்கள் உடைபட்டனவோ! 'தேங்காய்த் தண்ணீர் நல்லது' என்பதோடு எல்லாரும் நின்றிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை.

எடையை அளந்ததே சரிதானா என்றும் கேட்க வேண்டும். நீர்கோத்து, தளர்ந்து, சளிபோல் பெருகும் கேலஸ் நிறையவே எடை காட்டும். ஆனால் பெரும்பாலும் தளிர் விடாது. இறுகிய, குருணை போன்ற வெளிர்மஞ்சள் கேலஸே செடி தரும். நம் நாட்டு இண்டிகா நெல்வகைகள் பலவற்றில் செடியை மீட்பதுதான் கடினம். கேலஸைப் பெருக்குவது அன்று. வளர்ச்சி என்றாலே நன்மை என்று எண்ணுவோருக்கு நெல்லே ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஒருவகைப் பூசணம் தாக்கிய நாற்று மற்றவற்றை மிஞ்சி நெடுநெடுவென வளரும், பிறகு சாய்ந்துவிடும். ஜப்பானிய உழவர் அதை 'முட்டாள் நாற்று' என்றனர். அப்பூசணம் வளர்ந்த நீரை மட்டும் வடித்துக் கொடுத்தாலும் நாற்று அவ்வாறே நீளுவதை 1926-இல் குரோசவா காட்டினார். ஜிப்பரெல்லின் அறியப்பட்டது அவ்வழியில்தான்.

கடற்பாசிச் சாற்றிலும் நல்ல ஆய்வு இல்லாமல் இல்லை. 2015-இல் வெளியான ஆய்வொன்றில், சாற்றிலிருந்து ஜிப்பரெல்லினை மட்டும் நீக்கி மக்காச்சோளத்தில் தெளித்தனர். தானிய ஆதாயம் குறையவில்லை. தட்டை விளைச்சல் கூடியது. ஒன்றைக் கூட்டிப் பார்ப்பதோடு, ஒன்றைக் கழித்தும் பார்த்ததால் கிடைத்த செய்தி இது.

இதையெல்லாம் நுணுக்கமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இராமநாதபுரம் சீமையில் காய்ந்த நிலத்தில் நெல்லை விதைத்துவிட்டு, வடகிழக்கு மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். நாரை பறக்காத 48 மடை என்று பேர் பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கும் மழைதான் கதி. ஆண்டுக்கு ஒரே போகம். புட்டி வாங்கும் காசு அந்த ஒரு போகத்திலிருந்து வர வேண்டும். 2021-இல் உயிர்த்தூண்டிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது நல்லதே. ஆனால் சர்க்கரையும் ஈரமும் குறையாமல், 25 பாகை வெப்பத்தில் சொகுசாக இருந்த குடுவைத் திசுவின் எடையை அந்த வயலுக்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று.

இம்மாவட்டத்து நெல்லுக்குத் திசு வளர்ப்பு உதவ வேண்டுமானால், ஊடகத்தில் ஊக்கிக்குப் பதில் உப்பைச் சேர்த்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். உப்பைத் தாங்கிய திசுவிலிருந்து செடியை மீட்டு, அதன் விதையை மறுபடி உப்பு மண்ணில் விதைத்துச் சோதிக்க வேண்டும். உயிரணு தற்காலிகமாகப் பழகிக்கொண்ட தாங்குதிறன் அடுத்த தலைமுறைக்கு வராமல் போவதுண்டு.

அந்த மாணவருக்கு மூன்றாம் குடுவையைப் பற்றி எழுதினேன். எரிப்பதற்கான உலை தம் கல்லூரி வேதியியல் துறையில் பூட்டிக் கிடப்பதாகவும், சாவி கேட்டிருப்பதாகவும் பதில் எழுதியிருக்கிறார்.