கூலி, வேலை, சங்கம்: தென்னேரியிலிருந்து ஒரு வாசிப்பு

தென்னேரிப் பக்கம் பட்டு நெய்கிற வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூலிப் பேச்சை எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம் வந்து விழும்: 'கூலிய ஏத்திக் கேட்டா பாவு ஆரணிக்குப் போயிடும்பா.' சொல்கிறவர் முதலாளி அல்ல. தறிக்குழியில் கால் வைத்து நாற்பது வருஷம் நெய்த பெரியப்பா ஒருவர் இதை என்னிடம் சொன்னார். முதலாளி சொல்ல வேண்டியதைத் தொழிலாளியே சொல்லிவிட்டால் முதலாளிக்கு வாய் வலி மிச்சம். இதைப் 'பொய்யான உணர்வுநிலை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போவது நம் தோழர்களுக்குக் கைவந்த சோம்பேறித்தனம். பெரியப்பா ஏமாளி இல்லை. அவர் சொல்வது அவரளவில் உண்மை. யாருக்கு உண்மை, எதுவரைக்கும் உண்மை என்று கேட்டாக வேண்டும்.

கூலிக்கு நெய்தல் என்ற ஏற்பாடு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாஸ்டர் வீவர் பாவு, ஊடைப்பட்டு, சரிகை மூன்றையும் எடைபோட்டுக் கொடுக்கிறார். நெசவாளி தன் வீட்டில், தன் தறியில், தன் கூரைக்குக் கீழே நெய்து சேலையாகத் திருப்பித் தருகிறார். அங்கேயும் எடை. பழுது கண்டால் கூலியில் பிடித்தம். நாள் கணக்கு கிடையாது, சேலைக் கணக்குதான். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறி நெய்ய முடியாமல் கிடக்கிற நாட்களுக்கு யாரும் பொறுப்பில்லை. எதிர்வீட்டுக்கு என்ன கூலி என்பது இந்த வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தாலும், கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கின முன்பணம் பாக்கி நிற்கிறவர் வாயைத் திறக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் பாவு நகரும், தறி நகராது. ஒருவர் தனியாகக் கூலி கேட்டால் பாவு ஆரணி வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை, அடுத்த தெருவுக்குப் போனாலே போதும். ஆக, தனி ஆளுக்கு அந்த வாக்கியம் உண்மை. ஆரணிக்காரரும் சேர்ந்து எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டால் பாவு எங்கே போகும்? அந்த வாக்கியம் இந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் பார்த்துக்கொள்கிறது.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008) நம்மில் பலர் அழுதுவிட்டு வந்த படம். சிறந்த படத்துக்கும், பிரகாஷ்ராஜின் நடிப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. மகள் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்ட வேங்கடம் வாயில் நூலை ஒளித்துக் கடத்துகிறான். கம்யூனிஸ்டாகிச் சங்கம் கட்டுகிறான். வேலைநிறுத்தம் நடக்கும்போது, சேலை முடிய நூல் வேண்டுமென்பதால் அவனே தறிக்குத் திரும்பிவிடுகிறான். சங்கம் தோற்பது ஒரு தகப்பனுடைய ஆசையால் என்று படம் சொல்கிறது. கூலிப் பிரச்சினையை ஒருவனுடைய மனச்சாட்சிப் பிரச்சினையாக மாற்றிவிட்டால் பார்வையாளன் அழலாம், கணக்குக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. படத்தில் நெசவாளிகள் ஒரே கொட்டடியில் உட்கார்ந்து நெய்கிறார்கள். வெளியே போகும்போது வாசலில் சோதனை. அந்தக் காலத்தில் அப்படிப் பட்டறைகளும் இருந்திருக்கலாம். ஆனால் காஞ்சித் தறி பெரும்பாலும் வீட்டுத் தறி. வேலைநிறுத்தத்தைத் திரையில் காட்ட இயக்குநருக்கு ஒரு வாசல் தேவைப்பட்டிருக்கிறது. வாசலே இல்லாத இடத்தில் நெசவாளி எங்கே நின்று கோஷம் போடுவான்? தன் வீட்டுக்கு முன்னாலா? படம் தாண்டிப் போய்விட்ட இந்தக் கேள்வியில்தான் காஞ்சியின் தொழிற்சங்கச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் 'சங்கம்' என்றால் வேறு. திரையன் ஏரிதான் தென்னேரி ஆயிற்று என்று சொல்லி இளந்திரையனோடு உறவு கொண்டாடிக்கொள்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு, எனக்கும் உண்டு. காஞ்சித் தெருவில் 'சங்கத்துக்குப் போயிட்டு வரேன்' என்றால் கூட்டுறவுச் சங்கம்: காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா. அதே சொல் இன்னொரு பக்கம் சுங்குவார்சத்திரத்தில் தொழிற்சங்கம். கூட்டுறவைக் குறைத்துச் சொல்லவில்லை. எழுதி வைத்த கூலி, போனஸ், சேமிப்பு எல்லாம் நெசவாளிக்கு அங்கேதான் கிடைத்தன. ஆனால் கூட்டுறவு அவரைத் தொழிலாளி என்ற இடத்திலிருந்து எழுப்பி 'உறுப்பினர்' என்ற நாற்காலியில் உட்கார வைத்தது. உறுப்பினர் என்றால் ஒரு வகையில் முதலாளி. தனக்கு எதிராகத் தானே எப்படி வேலைநிறுத்தம் செய்வது? சரக்குத் தேங்கிச் சங்கம் பாவு கொடுக்காத மாதங்களில் அந்த 'முதலாளி' மாஸ்டர் வீவர் வாசலில் போய் நிற்கிறார்.

திராவிட இயக்க அரசியலுக்கும் இதில் பங்குண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்தது. இரண்டும் நெசவாளிக்குச் சோறு போட்டவைதான். ஆனால் இரண்டிலும் அவருடைய பிரச்சினை விற்காத துணியின் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. கூலி என்ற சொல் அந்தச் சொல்லாடலின் விளிம்பிலேயே நின்றது.

இங்கே ஜெர்மனியைக் கொண்டு வரக் காரணம், திண்ணையில் கேட்ட அதே வாக்கியத்தை அங்கே பேராசிரியர்கள் சொன்னார்கள். நாட்டுக்கெல்லாம் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே நெடுங்காலம் கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் ஒரு துறை முழுவதற்கும் போடுகிற ஒப்பந்தமே போதும் என்று இருந்தார்கள். 1990களில் அந்த ஒப்பந்தங்கள் தளர ஆரம்பித்தன. தனித்தனிக் கம்பெனி தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றானது. இதனால்தான் ஜெர்மனி போட்டியில் ஜெயித்தது என்று கிறிஸ்டியன் டுஸ்ட்மானும் அவருடன் சேர்ந்தவர்களும் 2014இல் எழுதினார்கள். அடிமட்டத்துத் தொழிலாளியின் உண்மைக் கூலி அதே காலத்தில் விழுந்தது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஜெயித்தது யார் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு 2015 ஜனவரி 1 முதல் மணிக்கு 8.50 யூரோ என்று சட்டம் வந்தது. பல இலட்சம் வேலை போய்விடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். போகவில்லை. டுஸ்ட்மானே இன்னொரு குழுவோடு 2022இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: கூலி ஏறியது, வேலை குறையவில்லை, குறைந்த கூலி கொடுத்துவந்த சின்ன நிறுவனங்களிலிருந்து ஆட்கள் அதிகம் கொடுக்கிற பெரிய நிறுவனங்களுக்கு மாறினார்கள். யாரும் கீழே இறங்க முடியாதபடி எல்லோருக்கும் ஒரே தரை போட்டதும் முதலாளி ஓடிப்போக இடமில்லை. அங்கே நகர்ந்தது ஆள், இங்கே நகர்வது பாவு.

இதைப் படித்துவிட்டுக் கைதட்டக் கூடாது. 'திறன் குறைந்த சின்ன நிறுவனம்' என்கிற பட்டியலை நம்மூரில் போட்டால் முதல் பெயர் தறிவீடுதான். அதை விட்டுப் பெரிய கம்பெனிக்குப் போ என்பதுதான் அந்த ஆய்வின் தர்க்கம் என்றால், அது யாரும் ஆய்வு செய்யாமலே இங்கே நடந்துகொண்டிருக்கிறது. தென்னேரி இருப்பது வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில். பையன்கள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஏறிப் போன இடத்தில் என்ன? 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வெளியே உட்கார்ந்தார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள், ஆனால் சண்டை முக்கியமாகச் சங்கத்துக்காக. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் இருக்கக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. சென்னையில் திரு.வி.க.வும் வாடியாவும் 1918இல் தொழிற்சங்கம் கண்டார்கள், 1926இல் சங்கச் சட்டமும் வந்துவிட்டது. (திரு.வி.க.வின் நடையழகைத்தான் எங்களுக்கு வகுப்பில் நடத்தினார்கள். பின்னி ஆலை வாசலில் நின்ற திரு.வி.க.வை வெளியில் வந்துதான் தெரிந்துகொண்டேன்.) நூறு வருஷம் கழித்தும் பெயர் வைக்கவே சண்டை!

ஒரகடத்தில் டைம்லரின் லாரித் தொழிற்சாலை 2012இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு என்பது 1976ஆம் ஆண்டுச் சட்டம். எந்திரம் கப்பலேறி வந்தது. சட்டம் அந்த நாட்டு எல்லையோடு நின்றுகொண்டது.

'சங்கம் வெச்சா கம்பெனி ஓடிடும்' என்பது திண்ணை வாக்கியத்தின் தம்பி. சரி, இந்த வட்டாரத்தில் உண்மையிலேயே மூடிய கம்பெனிகளைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் மூடியது, வரி வழக்கில் சிக்கி மைக்ரோசாப்ட் விற்பனையில் சேர முடியாமல். மறைமலைநகர் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது, கார் விற்காத நஷ்டம் என்று. ஆயிரக்கணக்கில் வேலை போயிற்று. இரண்டிலும் தொழிலாளி கேட்ட கூலி காரணம் இல்லை.

தறிக்கும் இதுவே பொருந்தும். கூலி ஏறினால் சேலை விலை ஏறும், வாங்குகிறவர் பவர்லூம் சேலைக்குப் போய்விடுவார் என்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் சரிகையில் தங்கமும் வெள்ளியும் இருக்கின்றன. தங்கம் ஏறும்போதெல்லாம் சேலை விலை ஏறுகிறது. அப்போது யாரும் தங்கத்திடம் போய் 'கொஞ்சம் பொறுத்துக்கோ, பாவு ஆரணிக்குப் போயிடும்' என்று கெஞ்சுவதில்லை. விட்டுக்கொடுக்கச் சொல்லப்படுவது கூலி மட்டும். பவர்லூம் போலியைத் தடுக்க 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. அதை நடத்திக் காட்டச் சொல்லிக் கேட்பதும், காஞ்சி, ஆரணி என்று ஊர் பிரிக்காமல் ஒரே ரகச் சேலைக்கு ஒரே கூலி கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு முனைகள். நம் சங்கங்கள் ஊர் ஊராக, மாஸ்டர் வீவர் மாஸ்டர் வீவராகப் பேசிக்கொண்டிருக்கிறவரை பெரியப்பாவின் வாக்கியம்தான் ஜெயிக்கும்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 'வேலை போகும்' என்கிறோமே, ஒரு தறியில் எத்தனை வேலை? கோர்வைச் சேலையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் கைக்கு எட்டாத நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். முன்பு பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள், இப்போது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். வீட்டு ஆளென்றால் கூலி சேலைக்கு ஒன்றுதான், சீட்டில் பெயரும் ஒன்றுதான். அன்றைக்குப் பெரியப்பா பேசிக்கொண்டிருந்தபோது பெரியம்மா தறிப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். 'உங்களுக்கு எவ்ளோ கூலி பெரியம்மா?' என்று கேட்டேன். 'எனக்கா?' என்று சிரித்துவிட்டு, அறுந்த இழையை முடிபோடக் குனிந்துகொண்டார்.