சூனியமும் சான்றும்

கொலையைப் பொருளாகக் கொண்டும் குருதிக் காட்சிகளை விரிக்காது, எளிய மாந்தரின் அன்றாட வாழ்வினூடே உண்மையைத் தேடும் துப்பறியும் புதினத்தை ஆங்கில வாசகர் 'கோசி மிஸ்டரி' என வழங்குவர். சூனியக்காரியைத் தலைவியாகக் கொண்டனவும், இலக்கியச் சுற்றுலாக் குழுவைக் களமாகக் கொண்டனவும் இன்று இவ்வகையில் உள்ளன. மாயமும் துப்பறிதலும் ஒரு நூலில் ஒருங்கே நிற்றல் கூடுமா என்பதே ஈண்டு யாம் ஆராயும் வினா.

கூடாது என்பது பழைய விதி. ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறிகதைக்கு வகுத்த பத்து விதிகளுள் ஒன்று, இயற்கை கடந்த ஆற்றல்களை முற்றும் விலக்குகின்றது. இதனை வெறும் விளையாட்டு விதி எனத் தள்ளுதல் பொருந்தாது. 1692-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துச் சேலம் ஊரில் சூனியக் குற்றத்திற்காக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவியுருவம் தம்மை வருத்தியது என்று பிறர் கூறியதையும் அங்குள்ள நீதிமன்றம் சான்றாக ஏற்றது. சொல்வார்க்கன்றிப் பிறர்க்குப் புலனாகாத சான்றை மறுப்பது எங்ஙனம்? சான்று யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்னும் துப்பறிகதை மரபு அறத்தின்பாற்பட்டதே என்க.

அகதா கிறிஸ்டியின் இரு புதினங்கள் இதனை விளக்கும். 'தி பேல் ஹார்ஸ்' (1961) என்னும் நூலில், பழைய விடுதி ஒன்றில் வாழும் மகளிர் மூவர் மந்திரத்தால் தொலைவிலிருந்தே கொல்வதாக நம்பப்படுகின்றனர். உண்மையில் கொல்வது தாலியம் என்னும் நஞ்சு. மந்திரம் அதனை மறைக்கும் திரை. நூலின் தொடக்கத்திலேயே ஒரு பூசலில் கொத்தாக முடி பறிக்கப்பட்ட பெண்ணொருத்தி, தனக்கு வலியில்லை என்கின்றாள். அந்நஞ்சின் அறிகுறி நம் கண்முன் வைக்கப்பட்டும் நாம் அதனைக் கடந்து செல்கின்றோம். முடிவறிந்தபின் மீண்டும் அவ்விடத்தைப் பார்க்கின்றோம். தொல்காப்பியர் செய்யுளுறுப்பாக வைத்த 'நோக்கு' இங்கு நினைக்கத்தகும்.

'நெமிசிஸ்' (1971) புகழ்பெற்ற மாளிகைகளையும் பூங்காக்களையும் காணச் செல்லும் பேருந்துச் சுற்றுலாவைக் களமாகக் கொண்டது. இதன்கண் வரும் முதுமகள் மிஸ் மார்ப்பிள், 'மாக்பெத்' நாடகத்துச் சூனியக்காரியரை ஆடியும் பாடியும் அச்சுறுத்துவோராகக் காட்டாது, இயல்பான முதிய பெண்டிராகவே மேடையேற்றல் வேண்டும் எனக் கருதுகின்றார். முந்தைய நூலிலும் இக்கருத்து வந்துள்ளது. ஷேக்ஸ்பியர் அம்மூவரையும் சகோதரியர் எனக் குறித்திருத்தலும், மார்ப்பிள் தங்கும் இல்லத்தார் சகோதரியர் மூவராதலும் ஒப்பு நோக்கத்தக்கன. இலக்கியக் குறிப்பு ஈண்டு அணியாகாது தடயமாகின்றது.

தீமை அணுகுதலை மார்ப்பிள் உள்ளத்தால் உணர்கின்றார். எனினும் அவ்வுணர்வையே தீர்ப்பாகக் கொண்டாரல்லர். அழகிய பூங்காக்களைக் கண்டு வந்த கண்ணுக்கு, அவ்வில்லத்தில் இடிந்து கொடி மூடிக் கிடக்கும் செடிகாப்புக் கண்ணாடிமனை வேறுபாடாகத் தோன்றுகின்றது. கொன்று புதைத்தது அளவிறந்த அன்பே என்பது அவ்வழியே புலனாகின்றது. கொலைப்பழி சுமந்து சிறையிலிருந்த இளைஞனும் விடுதலை பெறுகின்றான்.

'தி பேல் ஹார்ஸ்' நூலில் கிறிஸ்டி மாயத்தைத் திரையாக மட்டுமே கையாண்டார். இன்றைய கதைகளிலோ தலைவியின் மந்திரம் மெய்யாகவே பலிக்கின்றது. அதனாலேயே அவை இழுக்குடையன ஆகா. மந்திரத்தால் இயல்வன இவை, இயலாதன இவை எனத் தொடக்கத்தே வரையறுப்பின், அதுவும் நஞ்சின் இயல்புபோல் அக்கதையுலகின் இயற்கையே ஆகும். வாசகரும் அதனைக் கொண்டு உய்த்துணரலாம். இறுதி இயலில், முன் அறிவிக்கப்படாத மந்திரம் ஒன்று கொலைஞரைச் சுட்டிக்காட்டுமாயின், அவ்வாசிரியர் சேலம் நீதிமன்றத்தின் பிழையையே மீண்டும் செய்தவராவர். சூனியக்காரியெனப் பழிசுமந்து மாண்ட மகளிர்க்கு மறுக்கப்பட்டது சான்றின் நீதி. அவள் பெயரைத் தலைவிக்கு இட்டு எழுதுவோர் அந்நீதியைக் கைவிடலாகாது என்பதே எம் துணிபு.