முகம் பொறுப்பேற்பதில்லை

தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு இன்று எல்லாப் பயிலரங்குகளிலும் ஒரே உபதேசம்தான்: பொருளை விற்கும் முன் உன்னை விற்கக் கற்றுக்கொள். மனிதர் ஒவ்வொருவரும் ஒரு பிராண்ட் என்று 1997-இல் டாம் பீட்டர்ஸ் எழுதியது, இப்போது லிங்க்ட்இன் பதிவாகவும் இன்ஸ்டாகிராம் ரீலாகவும் அன்றாடக் கடமையாகிவிட்டது. இதில் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறுதொழிலுக்கு முதலாளியின் முகமே முதலீடு. லலிதா ஜுவல்லரியின் கிரண்குமார் தானே திரையில் தோன்றி, விலையைப் படமெடுத்துப்போய் மற்ற கடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். அங்கே முகம் வாடிக்கையாளரை விலைச்சீட்டின் பக்கம் திருப்பியது. விலைச்சீட்டை மறக்கச் செய்யும் முகத்தைப் பற்றியதே என் ஆட்சேபம்.

தொழில்முனைவோர் தன்னையே பிராண்டாக்கும்போது நம்பிக்கை அவர் பேரில் கேட்கப்படுகிறது. பொறுப்போ நிறுவனத்தின் பேரில் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் சாதாரண மனிதர் விழுகிறார். பைஜு ரவீந்திரனின் கதை இதற்குத் தெளிவான சான்று. கண்ணூர் மாவட்டத்து அழீக்கோட்டிலிருந்து வந்த அவர் நல்ல ஆசிரியர் என்பதில் ஐயமில்லை. மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வுக்கு அவர் நடத்திய வகுப்புகளுக்குப் பெரிய அரங்குகள் நிறைந்தன. 2015-இல் பைஜூஸ் என்று அவர் பெயரிலேயே கல்விச் செயலி வந்தபோது பெற்றோர் நம்பியது அந்த ஆசிரியரை. வீட்டுக்கு வந்தவரோ மாத இலக்கைத் தலையில் சுமந்த விற்பனைப் பிரதிநிதி. கூடத்தில் உட்கார்ந்து பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்டு, அது திணறுவதைத் தாய் தகப்பனுக்குச் சுட்டிக்காட்டி, பாடத்தொகுப்பைத் தவணையில் வாங்க வைத்தார்கள் என்றும், கையெழுத்துப் போட்டது கடன் பத்திரம் என்பதே பிறகுதான் புரிந்தது என்றும் புகார்கள் எழுந்தன. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அவரை விளக்கம் கேட்டு அழைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. வகுப்பறையில் சம்பாதித்த நம்பிக்கை, வகுப்பறைக்குச் சம்பந்தமில்லாத கடன் வியாபாரத்துக்கு ஈடாக வைக்கப்பட்டது.

இது ஒரு நிர்வாகத்தின் கோளாறு, முறையின் கோளாறாகாது என்று வாதிடலாம். ஆனால் அந்தக் கோளாறு இத்தனை காலம் கேள்வியின்றி நீடித்தது எப்படி? பைஜூஸின் 2020-21 நிதியாண்டுக் கணக்கே 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. நட்டம் 4,500 கோடி ரூபாய்க்கு மேல். அதே 2022-இல் அந்த நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர் எனப்பட்டது. கத்தார் உலகக் கோப்பையில் அதன் பெயர் மின்னியது. 2023 ஜூனில் கணக்குகள் தாமதமாவதைச் சொல்லித் தணிக்கையாளர் டெலாய்ட் விலகியது. 2024 ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. வெற்றிக்கதை சொல்லும் நாயகன் கண்முன் நிற்கும்போது கணக்குப் புத்தகத்தைக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. தனிமனிதப் பிராண்டின் உண்மையான தீங்கு இதுதான்: அது கேள்வி கேட்கும் பழக்கத்தையே மழுங்கடிக்கிறது.

முகம் காட்டுபவர் ஓடி ஒளிய முடியாது, அதனால் பொறுப்பு கூடும் என்பது அடுத்த வாதம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. லிமிடெட் நிறுவனத்தின் கடனுக்கு அதன் நிறுவனர் பொதுவாகத் தன் சொத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்பவர் வழக்காட வேண்டியது நிறுவனத்தோடுதான். எதிர்த்திசையிலோ சுமை முழுதாக இறங்குகிறது. அமெரிக்கத் தொழில்முனைவோர் மார்த்தா ஸ்டூவர்ட், தான் வைத்திருந்த வேறொரு நிறுவனத்தின் பங்குகளை விற்ற விவகாரத்தில் விசாரணையாளர்களிடம் பொய் சொன்னதற்காக 2004 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பானார். அவர் பெயர் தாங்கிய நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் அன்றே அதன் பங்குவிலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. நிறுவனத்தின் தவறு முகத்தைத் தொடுவது அரிது. முகத்தின் தவறோ, அதில் வேலை செய்பவர் வரை எல்லோரையும் தொடும்.

ஆகவே தொழில் தொடங்கும் இளைஞர்களே, ரீல் எடுப்பதற்கு முன் பணம் திருப்பித் தரும் விதியைத் தமிழில் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். கணக்கைக் காலத்தில் தாக்கல் செய்யுங்கள். புகார் சொல்ல ஓர் எண்ணைக் கொடுத்து, அதை எடுத்துப் பேச ஆள் வையுங்கள். பெயர் அதற்குப் பின்னால் தானே வரும். வாங்குபவர்களும் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். பத்திரத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.